ஆறடிக்கு நாலடிப் போர்க்களம்

வணக்கம் அண்ணா,

லெஸ்டரில் இருந்து எழுதுகிறேன். போன மாதம் ஒரு கட்டுரையில், உங்கள் கிளப் நடத்தும் பொம்மைப் படை விளையாட்டு ஷோவைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு வரியை நம்பித்தான் இந்தக் கடிதம்.

என் மகனுக்குப் பதினான்கு வயது. இரண்டு வருடமாக வார்ஹாமர் பைத்தியம், பொம்மை வீரர்களுக்குப் பெயின்ட் அடித்து மேசையில் நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை, எல்லாம் பெயின்ட் போத்தல்கள். அவர் போகிற கிளப் அடுத்த வருடம் ஒரு நாள் ஷோ நடத்தப் போகிறதாம். நான் கணக்காளர் என்று தெரிந்ததும் பொருளாளராக இருக்கக் கேட்டார்கள். பிள்ளைக்காக ஓம் என்று சொல்லிவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. இதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காசு எங்கே போகும், எங்கே பிழைக்கும் என்று சொல்வீர்களா?

இன்னொன்றும் இருக்கிறது. நான் 95ல் யாழ்ப்பாணத்தை விட்டு மழையில் நடந்து வந்தவள். அப்போது எனக்குப் பத்து வயது. வளர்ந்த ஆட்கள் ஒரு ஹால் நிறைய நின்று, 'உன்னுடைய ஆறு பேர் செத்துவிட்டார்கள்' என்று சிரிப்பதைப் பார்க்க என் மனம் ஒப்புமா என்று தெரியவில்லை. மகனிடம் இதைக் கதைக்க முடியவில்லை.

ச.

அன்புள்ள ச.,

'எங்கே பிழைக்கும்' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் பிழைப்பது என்றால் தப்பாகப் போவது, எங்கள் காஞ்சிபுரத்தில் உயிர் தப்புவது. நான் முதலில் எங்கள் ஊர்ப் பொருளில் படித்துவிட்டு, ஷோ தொடங்கும் முன்பே இவருக்கு ஏன் இவ்வளவு விரக்தி என்று யோசித்தேன். பரவாயில்லை, இரண்டு பொருளுக்கும் ஒரே பதில்தான். ஹாலில் பிழைக்கும்.

மேஜைக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், உங்களுக்கு அதுதான் பிடிக்கும். வழக்கமான ஒரு ஆட்டத்துக்கு ஆறடிக்கு நாலடி இடம் வேண்டும். பள்ளிக்கூட ஹாலில் கிடைக்கும் மடக்கு மேஜை ஆறடி நீளம், அகலம் இரண்டடி அல்லது இரண்டரை. இரண்டைச் சேர்த்துப் போட்டால் ஒரு போர்க்களம். பகடை, விதித்தாள், அங்குல டேப், செத்துப்போன வீரர்களின் டப்பா, டீ கப் இதெல்லாம் வைக்க மூன்றாவதாக ஒன்று, இல்லையென்றால் டீ கப் போர்க்களத்தின் மீதே வரும். ஹால்காரர் அறுபது மேஜை இருக்கிறது என்பார், உங்கள் கமிட்டி அறுபது ஆட்டம் என்று கனவு காணும். நீங்கள் பாதியை வியாபாரிகளுக்குக் கழித்து, மீதியை மூன்றால் வகுத்து, பத்து என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பத்தும் கொள்ளுமா என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள், நடைவழி ஆறடிக்குக் குறையாமல் விட்டு. வருகிறவர்கள் எல்லோரும் முதுகில் பை மாட்டியிருப்பார்கள். எங்கள் முதல் வருடம் ஒருவர் யாரோ கூப்பிட்டார்கள் என்று சட்டெனத் திரும்பினார், அவருடைய பை ஒரு பிரெஞ்சு கிராமத்தின் மாதா கோயிலையும் பாதிக் குதிரைப் படையையும் தரையில் தள்ளியது. செய்தவர் எட்டு மாதம் உழைத்துச் செய்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறு வருடம் வரவில்லை.

வெளிச்சத்தையும் பார்த்துவிடுங்கள். 28 மில்லிமீட்டர் உயர வீரனின் சட்டைப் பொத்தானுக்குப் பெயின்ட் அடித்த மனிதர் அதை இருட்டு மூலையில் வைக்கச் சம்மதிக்க மாட்டார், வந்து பார்க்கிறவர்களில் பாதிப் பேர் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்காரர்கள். பகலில் போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அப்புறம் படி இல்லாத வாசல், வேன் பின்பக்கமாக வந்து நிற்க இடம், பொதுப் பொறுப்புக் காப்பீடு (இது இல்லாமல் பல ஹால்கள் சாவியே தராது), டீ அண்டாவும் மைக்ரோவேவும் ஒரே பிளக்கில் போகாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னது எங்கள் அனுபவம். பதினொன்றரை மணிக்கு ஹால் முழுக்க இருட்டு.

தேதியை ஒரு வருடம் முன்பே முடிவு செய்யுங்கள். இந்த ஊர் ஷோக்கள் வியாபாரிகளை நம்பித்தான் நிற்கின்றன, அவர்களில் பெரும்பாலோர் ஒரு வேனும் ஒரு மனைவியும் அல்லது ஒரு மச்சானும் கொண்ட மனிதர்கள், வாரக்கடைசிக்கு ஒரு ஊர்தான் போக முடியும். ஏப்ரலில் லண்டன் எக்ஸெல் அரங்கில் சல்யூட் என்ற பெரிய ஷோ நடக்கும் வாரம் உங்கள் தேதி விழுந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். (அதையும் சவுத் லண்டன் வார்லார்ட்ஸ் என்ற ஒரு கிளப்தான் நடத்துகிறது, கம்பெனி இல்லை. 1972லிருந்து.) நீவார்க்கில் நடக்கும் பார்ட்டிசன் என்ற ஷோ உங்களுக்கு இன்னும் பக்கம், அந்தத் தேதியையும் தவிர்த்துவிடுங்கள். ஒரு வசதி, நீங்கள் இருப்பது நல்ல இடம். நான் இருக்கும் நாட்டிங்ஹாம் பக்கத்தை இந்த வட்டாரத்தில் 'லெட் பெல்ட்' என்பார்கள், ஒரு காலத்தில் ஈயத்தில் வார்த்த பொம்மைகளால் வந்த பெயர். உங்கள் மகனின் பாக்கெட் மணி முழுவதையும் வாங்கிக்கொள்ளும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம் இங்கேதான், பொம்மை செய்யும் வார்லார்ட் கேம்ஸும் பெர்ரி சகோதரர்களும் இங்கேதான்.

வரவு மூன்று வழி. வாசல் டிக்கெட், வியாபாரிகளின் மேஜை வாடகை, பழைய பொம்மை விற்பனையில் கமிஷன். ஹால் முன்பணம் கட்டும் முன் வியாபாரிகளின் வாடகை வந்திருக்க வேண்டும், வாசல் காசை எதிர்பார்த்து ஒரு செலவும் செய்யாதீர்கள், காலையில் பனி பெய்தால் போச்சு. பெரிய ஆசைகளும் வேண்டாம். இன்று அமெரிக்காவில் இன்டியானாபொலிஸையே நிரப்பும் ஜென் கான் என்ற விளையாட்டு மாநாடு, 1968ல் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் கேரி கைகாக்ஸ் 50 டாலருக்கு வாடகைக்கு எடுத்த தோட்டக்கலைச் சங்கக் கட்டிடத்தில் தொடங்கியது. மறு வருடம் அங்கே அவர் டேவ் ஆர்னஸனைச் சந்தித்தார், 1974ல் இருவரும் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற புகழ்பெற்ற கற்பனை விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். அதையெல்லாம் யாரும் பட்ஜெட்டில் எழுதியிருக்க முடியாது.

காசு எங்கே போகும் என்ற கேள்விக்கு ஒரே வார்த்தை: பழசு. 'பிரிங் அண்ட் பை' என்பார்கள். வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டாத பொம்மைகளைச் சீட்டு ஒட்டி உங்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சுற்றப் போய்விடுவார்கள், நீங்கள் விற்று, நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொண்டு, மாலையில் மீதியைக் கொடுக்க வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறதா? சீட்டு கழன்று விழும். இரண்டு பேர் ஒரே மாதிரி ஜெர்மன் டாங்கி கொண்டுவருவார்கள். ஒரு வருடம் நான் அந்த மேஜையில் உட்கார்ந்து நாற்பது பவுண்டு குறைந்து, கைக்காசைப் போட்டு எழுந்தேன். இப்போது நிறைய இடங்களில் இதை விட்டுவிட்டு, விற்கிறவருக்கே ஒரு மணி நேரத்துக்கு ஒரு மேஜையை வாடகைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் அதையே பிடிவாதமாகக் கேளுங்கள். கமிட்டியில் உள்ள பெரியவர்கள் பழைய முறைதான் ஷோவின் ஆத்மா என்பார்கள். அந்த ஆத்மாவுக்கு ரசீது போடுவது யார் என்று கேளுங்கள்.

போட்டி நடத்தலாமா என்றும் பேச்சு வரும், உங்கள் மகன் அதற்குத்தான் கை தூக்குவார். செஸ்ஸில் போல ஸ்விஸ் முறைதான், ஜெயித்தவர் ஜெயித்தவரோடு மோதுவார், எட்டுப் பேர் என்றால் மூன்று சுற்றில் தோற்காதவர் ஒருவர் மிஞ்சுவார். ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி நேரம், ஒரு நாளுக்கு மூன்று சுற்றே அதிகம். தனி அறை இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

எனக்கு உண்மையில் அக்கறை உள்ள விஷயம் இதுதான்: தெருவில் போகிறவர் ஒருவர் போஸ்டரைப் பார்த்து உள்ளே வந்தால், ஐந்து நிமிடத்துக்குள் அவர் கையில் பகடை இருக்க வேண்டும். பெரும்பாலான ஷோக்களில் இது நடப்பதில்லை. அழகான மேஜைகள் எல்லாம் காட்சிக்கு மட்டும், பின்னால் நான்கு பேர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தவர் காருக்குப் போய்விடுவார். நான் கமிட்டியில் சண்டை போட்டது இதற்காக மட்டுமே. பத்து மேஜையில் குறைந்தது ஆறு, ஷோ பார்க்க வந்தவர்களே விளையாடும் மேஜையாக இருக்க வேண்டும், விதிகள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, அரைமணியில் முடிய வேண்டும், நடத்துகிறவர் உட்காரக் கூடாது. உட்கார்ந்தவரை யாரும் அணுகமாட்டார்கள், கடை வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சொன்னதற்காக நானே ஒன்று நடத்தினேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் போர், புள்ளலூர், 1780 செப்டம்பர் 10. இங்கே அதை என்னென்னவோ மாதிரி உச்சரிப்பார்கள், திருத்துவதை விட்டுவிட்டேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியுடைய படையை ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள், ராக்கெட் விழுந்தது, வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, படை அழிந்தது. சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் பெரிய படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ நேரத்துக்கு வந்து சேரவில்லை, அப்புறம் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் பின்வாங்கினார். முடிவு தெரிந்த போரை எப்படி விளையாட்டாக்குவது? முதல் தடவை பெய்லியாக விளையாடியவர்கள் எல்லோரும் பத்து நிமிடத்தில் தோற்று, முகம் சுருங்கி, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு விதி சேர்த்தேன். ஒவ்வொரு முறைக்கும் பெய்லி ஒரு பகடை உருட்டலாம், ஆறு விழுந்தால் காஞ்சிபுரத்திலிருந்து மன்றோ ஒரு அடி நகர்வார். அவ்வளவுதான், மேஜையைச் சுற்றிக் கூட்டம். வந்து சேர மூன்று ஆறு வேண்டும், கிட்டத்தட்ட ஒருபோதும் விழாது, ஆனாலும் கையைக் குவித்து ஊதி ஊதி உருட்டுவார்கள். ஒரு பத்து வயதுப் பெண் திப்புவாக மூன்று ஆட்டம் தொடர்ந்து ஆடினாள். அவள் அப்பா டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்து, என்னை மறந்தே போனாயா என்று கேட்டார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி.

இது தீங்கற்ற விளையாட்டு என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை. 1913ல் ஹெச்.ஜி.வெல்ஸ் பொம்மை வீரர்களை வைத்து விளையாட ஒரு விதிப்புத்தகம் போட்டார், 'லிட்டில் வார்ஸ்', இந்தப் பொழுதுபோக்கின் ஆதிநூல்களில் ஒன்று. மூன்று நான்கு தடவை இதை விளையாடினாலே நிஜப் போர் எவ்வளவு குளறுபடியான காரியம் என்று புரிந்துவிடும் என்பது அதில் அவருடைய வாதம். மறு வருடமே நிஜப் போர் வந்தது, அதே வெல்ஸ் அதைப் போரை ஒழிக்கும் போர் என்று எழுதினார். ஆகவே அந்த வாதத்தை நான் நம்புவதில்லை. நீங்கள் பயப்படுவது நடக்கும். 'ஆறு பேர் அவுட்' என்பார்கள், சிரிப்பார்கள், பொம்மைகளை எடுத்து டப்பாவில் போடுவார்கள்.

என்னைத் தடுமாற வைத்தது வேறு ஒன்று. பெய்லியின் படையில் பெரும்பகுதி சிப்பாய்கள், மெட்ராஸ் பக்கத்து ஆட்கள், தமிழும் தெலுங்கும் பேசியிருப்பார்கள். சதை நிறம் என்று எழுதியிருந்த புட்டியைத் திறந்தால் இளஞ்சிவப்பு. பழுப்பும் சிவப்பும் நானே கலந்து, முகம் முகமாகத் தீட்டிக்கொண்டிருந்தேன். நூறு முகம் தாண்டியபோது கை நின்றுவிட்டது. பெய்லியின் பெயர் தெரியும், அவர் 1782ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் செத்தது தெரியும். இவர்கள் பெயர் ஒன்றும் தெரியாது, நான் இவர்களை மேஜையில் வைத்து அரைமணிக்கு ஒரு தடவை கொல்லப் போகிறேன். இரண்டு வாரம் தூரிகையைத் தொடவில்லை. பிறகு தொட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கு நல்ல காரணம் இல்லை, பாதி முடித்ததை விட மனமில்லை என்பதுதான் நிஜம்.

எங்கள் ஷோவில் ஆட்டம் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு படிவம் உண்டு, எந்தப் போர், எந்த வருடம் என்று கேட்போம். கடந்த ஐம்பது வருடப் போர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். அப்படியானால் இரண்டாம் உலகப் போரின் 1944 மட்டும் எப்படிச் சரி என்று ஒருவர் கேட்டார். சரியில்லைதான், ஆனால் அதை எடுத்துவிட்டால் பாதி ஹால் காலி. தர்க்கம் இல்லாத விதி, இருந்தும் வைத்திருக்கிறோம். நீங்கள் கமிட்டியில் இருக்கிறீர்கள், அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள், இன்னின்ன வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அன்றைக்குப் பொருளாளரின் இடம் வாசல் மேஜை. நாற்காலியைத் தெருவைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம், பகடைச் சத்தம் பெரிதாகக் கேட்காது. மதியம் மனம் ஒப்பினால் உள்ளே ஒரு சுற்று போய்வாருங்கள், ஒப்பவில்லையென்றால் காசை எண்ணுங்கள்.

95 பற்றி மகனிடம் எவ்வளவு சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன், அது என் வேலை இல்லை. ஆனால் அவர் தன் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கும் போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கை வேலையில் இருக்கும் பிள்ளைகளோடு கதைப்பது சுலபம்.

பன்றி இறைச்சி ரொட்டியும் டீயும் தவிர இந்த ஹால்களில் ஒன்றும் கிடைக்காது. நீங்கள் மட்டன் ரோல்ஸ் நூறு போட்டுக் கொண்டுபோனால் பன்னிரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும், கணக்கில் நாலாவது வரவு.

ஒன்று மறந்துவிட்டேன். மாலை நான்கு மணிக்கு மேஜைகளை மடக்கி அடுக்க யார் யார் இருப்பார்கள் என்று இப்போதே பெயர் வாங்கி வையுங்கள், கையெழுத்தோடு. எங்கள் முதல் வருடம் பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். நின்றது நாலு பேர், அதில் ஒருவர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு ஹாலைப் பூட்ட வந்த காவலாளி.