நெல் மில்லில் ராக் கிளப் திறக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெங்களூரில் ஐடி வேலை பார்த்துக்கொண்டே ஒரு ராக் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஊரில் அப்பாவின் நெல் அரவை மில் ஓடாமல் கிடக்கிறது. வேலையை விட்டுவிட்டு அதை ராக் நைட் கிளப்பாக மாற்ற ஆசை. அப்பா, "சாராயக் கடை வைக்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்கிறார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. துணிந்து இறங்கலாமா?

பதில்: அன்புள்ள தம்பி, இறங்கலாம். ஆனால் வேலையை விட்டுவிட்டு வேண்டாம். மது விற்கும் கிளப்பாகவும் வேண்டாம்.

அப்பாவின் கவலைக்குச் சட்டமே பாதி பதில் சொல்லிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. பார் உரிமம் என்பது நட்சத்திர ஹோட்டல்களுக்கும் உறுப்பினர் மன்றங்களுக்கும் உரிய விஷயம். உங்கள் மில்லை நம்பி அந்த வழியில் போகாதீர்கள். மது இல்லாமல் ராக் கிளப்பா என்று மலைக்கவும் வேண்டாம். இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு கிடங்கின் நிலவறையில் 1957இல் தொடங்கிய கேவர்ன் கிளப்பில் பீட்டில்ஸ் ராக் குழுவினர் 1961 முதல் 1963 வரை முந்நூறு முறைக்குக் கொஞ்சம் குறைவாக வாசித்தார்கள். அப்போது அங்கே மது விற்கவில்லை. அதே சமயம், அவ்வளவு பேர் வாங்கிய அந்த இடமும் 1966இல் கடனில் மூழ்கி மூடப்பட்டது. கூட்டம் வேறு, வரவு வேறு.

நியூயார்க்கில் ஹில்லி கிரிஸ்டல் என்பவர் 1973இல் சிபிஜிபி என்ற இசைக் கிளப்பைத் திறந்தார். அமெரிக்க நாட்டுப்புற இசைக்கும் ப்ளூஸுக்கும் என்று நினைத்துத் திறந்த இடம். வந்து நின்றவர்களோ ராமோன்ஸ் மாதிரி யாரும் கேள்விப்படாத ராக் பையன்கள். சொந்தப் பாட்டை வாசியுங்கள் என்று சொல்லி மேடையைக் கொடுத்தார். முதலாளியின் ரசனை என்றால் எனக்கு இதுதான். கடைசியில் வாடகைத் தகராறில் 2006இல் அந்த இடம் மூடப்பட்டது. கட்டடம் உங்கள் குடும்பத்துடையது என்பதால் அந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை. மற்ற தலைவலிகள் எல்லாம் உண்டு.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கிளப் நடத்துகிறவர் பாட்டுக் கேட்பதே அபூர்வம். மேடையில் முதல் பாட்டு ஓடும்போது நீங்கள் ஜெனரேட்டருக்கு டீசல் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், இல்லையென்றால் வாசலில் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். டெல்டாவில் இரவு முழுக்க நாகசுரமும் தவிலும் கேட்டு வளர்ந்த சனம், சத்தத்துக்குப் பயந்தவர்கள் இல்லை. ஆனால் அது சாமி புறப்பாடு, வருஷத்துக்குச் சில நாள். உங்களுடையது வேறு கணக்கு. திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம்; தகரக் கூரை போட்ட மில்லும் பேஸ் சத்தத்துக்குத் திறந்த வெளி மாதிரிதான். நண்பர் ஒருவரை உள்ளே உங்கள் கிட்டாரை முழுச் சத்தத்தில் வாசிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். பாட்டு கேட்காது, தூண் மட்டும் கிண்ணென்று அதிரும். அந்த அதிர்வைக் குறைக்கத்தான் பணம் கரையும்.

இங்கேதான் நான் உங்களை நிறுத்தி வைத்துப் பேச வேண்டும். சத்தத்தை அடக்க தெர்மாகோல், முட்டை அட்டை, பேக்கிங் ஸ்பாஞ்ச் என்று மலிவாகக் கிடைப்பதைச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2003 பிப்ரவரியில் ஒரு ராக் கிளப்பில் மேடை வாணவேடிக்கையின் பொறி சுவரில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சில் பட்டு, சில நிமிடங்களில் கட்டடமே பற்றிக்கொண்டது. 100 பேர் இறந்தார்கள். ஸ்பாஞ்சை ஒட்டியவர்கள் அதன் உரிமையாளர்கள். வழக்கும் அவர்கள்மேல் வந்தது. அடுத்த ஆண்டு, 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள். உங்கள் ஊர்க்காரர்களுக்கு அதை நான் நினைவூட்டத் தேவையில்லை. தீப்பிடிக்காத ராக் வுல் பலகை, அதாவது பாறையை உருக்கி இழையாக்கிச் செய்யும் பலகை வாங்குங்கள். விலை கூடத்தான். வெளியே தள்ளித் திறக்கும் கதவு எதிரெதிரே குறைந்தது இரண்டு இருக்கட்டும். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று கைக்கு வராமல் ஒரு டிக்கெட்கூட விற்க வேண்டாம். உள்ளே எத்தனை பேர் என்று ஒரு எண்ணிக்கை வைத்து, அது நிறைந்ததும் சொந்தத் தம்பி வந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

மற்றவை சுலபம். மின் இணைப்பை வணிகத்துக்கு மாற்ற வேண்டும். அடுத்தவர் பாட்டை மேடையில் வாசித்தால் உரிமைத்தொகை கட்ட வேண்டும். நெல் காயவைத்த களம் வண்டி நிறுத்தப் போதும். தஞ்சாவூர், கும்பகோணம் கல்லூரிப் பிள்ளைகளை நம்பினால் தேர்வு மாதங்களில் காற்று வாங்கும். விடுதிப் பிள்ளைகள் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்பதால் மாலை ஆறு மணிக்கே தொடங்கி ஒன்பதரைக்கு முடியுங்கள். சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி மாதத்தில் முதல் நிகழ்ச்சி வையுங்கள். பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு வருஷம். வசூல் எவ்வளவானாலும் பேசிய தொகையை அன்றிரவே குழுவின் கையில் கொடுத்துவிடுங்கள். இங்கே மேளக்காரர்கள் யார் வீட்டுக்கு மறுபடி வருகிறார்கள் என்று அப்பாவைக் கேளுங்கள், சொல்வார்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை என்கிறீர்களே, நீங்கள் என்ன கேட்டீர்கள்? திறக்கலாமா என்று கேட்டிருப்பீர்கள். நிகழ்ச்சி நடக்கும் சனிக்கிழமைகளில் நீ எங்கே இருப்பாய், உன் சம்பளத்தில் எத்தனை மாதம் ஓட்டலாம், பெங்களூரா ஊரா என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதிவைத்துக்கொண்டு, அதற்கு அப்புறம் கூரைக்காரரிடம் விலை கேளுங்கள்.