முதல் ஜனவரி பில்லு ஒன்றரை மடங்கு வரும் தம்பி

தம்பி, உங்க கேள்வி இதுதானே: மனைவிக்கு வேலை விசா, நீங்க டிபெண்டன்ட், 2025 ஜூன்ல இருந்து லண்டன்ல கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறீங்க, ஆகஸ்ட்ல நாலாயிரம் பவுண்டு வந்துச்சு, நவம்பர்ல சல்லிக்காசு வரல, இப்படி ஏறி இறங்குற வருமானத்துக்கு டாக்ஸ் எப்ப கட்டணும், எப்படி சமாளிக்கிறதுன்னு. நான் இங்க பதினாறு வருஷமா இன்டர்பிரட்டர், சம்பளம் கிடையாது, போன வேலைக்குத்தான் காசு, அதுவும் ஏஜென்சி எப்ப போடும்னு ஏஜென்சிக்கே தெரியாது, அதனால உங்க கஷ்டம் எனக்கு நல்லாவே புரியுது.

டிபெண்டன்ட் விசால சொந்தமா தொழில் பண்ணலாம், அதுல பயம் வேணாம். ஆனா ஸ்டூடன்ட் விசால இருக்கிற பசங்க இதைப் பார்த்துட்டு நாமளும்னு இறங்கிடாதீங்கப்பா, செல்ஃப் எம்ப்ளாய்டு வேலை உங்களுக்குக் கூடவே கூடாது.

இங்க கணக்கு வருஷம் ஏப்ரல் 6ல ஆரம்பிச்சு அடுத்த ஏப்ரல் 5ல முடியும், நம்ம மார்ச் 31 பழக்கத்தை மறந்துடுங்க. அந்த வருஷத்துல செலவு கழிக்கறதுக்கு முன்னாடியே 1,000 பவுண்டுக்கு மேல வந்திருந்தா செல்ஃப் அசெஸ்மென்ட்ல, அதாவது நம்ம வருமானத்தை நாமே கணக்குக் காட்டி டாக்ஸ் கட்டுற முறைல, பதிவு பண்ணணும், உங்களுக்கு கடைசி நாள் 2026 அக்டோபர் 5. ரிட்டர்ன் போடவும் காசு கட்டவும் 2027 ஜனவரி 31. எல்லாரும் ஜனவரியை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு அக்டோபரை கோட்டை விட்டுடுவாங்க, நானும் விட்டவன்தான். முதல் வருஷம் ஜனவரி நடுவுல போய் உட்கார்ந்தேன், பத்து இலக்க யு.டி.ஆர் நம்பர் (டாக்ஸ் ஆபீஸ் நமக்குக் குடுக்கிற அடையாள நம்பர்) லெட்டர்ல வரும்னுச்சு, அது வந்தப்புறம் லாகின் பண்ண ஒரு கோடு நம்பர் தனி லெட்டர்ல வரும்னுச்சு, தினமும் கதவுக்கிட்ட கிடக்கிற பீட்சா நோட்டீசையெல்லாம் ஒண்ணொண்ணா புரட்டிப் பார்த்துட்டே இருந்தேன், கோடு வந்தது பிப்ரவரி 3, ஜனவரி 31 தாண்டியே போச்சு. கட்ட வேண்டிய டாக்ஸ் ஜீரோவா இருந்தாலும் ரிட்டர்னை லேட்டா போட்டா நூறு பவுண்டு ஃபைன் உண்டு, மூணு மாசம் தாண்டிட்டா அப்புறம் நாளுக்கு 10 பவுண்டு, அது 900 வரைக்கும் போகும்.

சரி, இப்ப உண்மையான அடி எங்கன்னு சொல்றேன். உதாரணமா செலவு போக உங்க லாபம் 20,000, வேற வருமானம் இல்லைன்னு வைங்க. 12,570 வரைக்கும் டாக்ஸ் இல்ல, மீதி 7,430க்கு 20 பர்சென்ட்ன்னா 1,486, அதுக்கு மேல நேஷனல் இன்ஷூரன்ஸ் (பென்ஷன் மாதிரி விஷயங்களுக்கு அரசாங்கம் பிடிக்கிறது) அதே 7,430க்கு 6 பர்சென்ட் சுமார் 446, மொத்தம் 1,932. அவ்ளோதானேன்னு நினைப்பீங்க, ஸ்கிரீன்ல 2,898 காட்டும். ஏன்னா அடுத்த வருஷத்துக்கான அட்வான்ஸ்ல பாதியையும் அதே நாள்ல கேப்பாங்க, பேமென்ட் ஆன் அக்கவுண்ட்னு பேரு, இன்னொரு பாதி 966 ஜூலை 31ல. பில்லு 1,000க்குக் கீழ இருந்தா இந்த அட்வான்ஸ் கிடையாது.

நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இதுல இன்னொரு சிக்கல், அந்த அட்வான்ஸ் போன வருஷ வருமானத்தை வச்சுதான் போடுவாங்க. எனக்கு ஒரு வருஷம் பெரிய கேஸ் ஒண்ணு மாசக்கணக்கா இழுத்ததுல நல்ல காசு, அடுத்த வருஷம் அதுல பாதிகூட இல்ல, ஆனா அட்வான்ஸ் மட்டும் நல்ல வருஷத்துக் கணக்குல நிக்குது, மச்சான்கிட்ட கைமாத்து வாங்கிக் கட்டினேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, வருமானம் குறையும்னு தெரிஞ்சா எஸ்.ஏ.303ங்கிற ஃபாரத்தை அனுப்பியோ ஆன்லைன்லயோ அதைக் குறைச்சுக்கலாம்னு. ஆனா ஆசையில ரொம்பக் குறைச்சுட்டா வித்தியாசத்துக்கு வட்டி போடுவாங்க, அதனால நான் எப்பவும் கொஞ்சம் கூட வச்சேதான் குறைப்பேன்.

நான் பண்றது ஒண்ணே ஒண்ணு, காசு அக்கவுண்ட்ல விழுந்த அன்னைக்கே அஞ்சுல ஒரு பங்கைத் தனி சேவிங்ஸ்ல தள்ளிடுவேன், மாசக் கடைசின்னு வச்சா அது என்னைக்கும் நடக்காது. மேல சொன்ன 20,000 கணக்குக்கு அது 4,000 ஆகும், ஜனவரி ஜூலை ரெண்டுக்கும் போதும். வருமானம் அதுக்கு மேல போச்சுன்னா கால் பங்கு வைங்க.

அப்புறம் இப்ப சாதாரணமா கேஷ் பேசிஸ்தான், அதாவது இன்வாய்ஸ் போட்ட தேதி இல்ல, காசு கைக்கு வந்த தேதிதான் கணக்கு. மார்ச்ல எடுத்த கல்யாணத்துக்கு ஏப்ரல் 10ல காசு வந்தா அது அடுத்த வருஷத்துல போயிடும். மெமரி கார்டு, ட்ரெயின் டிக்கெட் ரசீதெல்லாம் போன்ல போட்டோ எடுத்து வைங்க, அதுதான் உங்க தொழிலாச்சே.

கட்டவே முடியலைன்னாலும் ரிட்டர்னை டைமுக்குப் போட்டுடுங்க, போட்டாத்தான் ஆன்லைன்லயே தவணை கேக்க முடியும், 30,000க்கு மேல பாக்கி இருக்கக் கூடாது. வட்டி ஓடும்தான், ஆனா வாயைத் திறக்காம இருக்கிறதுக்கு எவ்ளவோ மேல்.

அந்த ஆகஸ்ட் நாலாயிரத்துல இப்ப ஏதாவது மிச்சம் இருக்கா? இருந்தா முதல்ல 800ஐ எடுத்துத் தனியா போடுங்க, யு.டி.ஆர் வந்ததும் சொல்லுங்க, லாகின்ல எங்க மாட்டுவீங்கன்னு எனக்குத் தெரியும்.