எங்கள் ஆன்லைன் படிப்பின் தேர்வுக்குக் கண்காணிப்பு மென்பொருள் அமைக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

மாணவர்கள் வீட்டிலிருந்தே எழுதுவார்கள், பாதிப் பேரிடம் போன்தான் இருக்கிறது, கேமரா கண்காணிப்பு கட்டாயம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது, தேர்வை மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் நடத்துகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "கட்டாயம்" என்ற சொல்லைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். யாரோ ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து திரையில் ஒரு பையன் தலையைத் திருப்பியதும் சிவப்புப் பட்டை எரிவதைக் காட்டியிருப்பார், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் பிடித்துப்போயிருக்கும்.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் டாலி, ஜி.எஸ்.டி. சான்றிதழ் படிப்பு நடத்துகிறேன். அதற்கு முன் 13 ஆண்டுகள் கல்லூரித் தேர்வு அறைகளில் மேற்பார்வைக்கு நின்றவள். சட்டைக் கையில் மடித்து வைத்த பிட்டையும் பார்த்திருக்கிறேன், ஸ்கேலில் பென்சிலால் எழுதி வந்ததையும் பிடித்திருக்கிறேன். அதனால் நான் காப்பியடிப்பதற்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கீழே கமெண்ட் போட வேண்டாம். கண்காணிப்பே கூடாது என்றும் நான் சொல்ல வரவில்லை.

2021-இல் கொரோனா இரண்டாம் அலை சமயத்தில் எங்கள் படிப்பில் 58 பேர். இறுதித் தேர்வு 90 நிமிடம், வீட்டிலிருந்தே. காசு கொடுத்து ஒரு தானியங்கிக் கண்காணிப்பு மென்பொருள் வாங்கினோம். அது கேமராவில் முகத்தைப் பார்க்கும், மைக்கில் சத்தத்தைக் கேட்கும், வேறு டேபுக்குப் போனால் குறித்துக்கொள்ளும், கடைசியில் ஒவ்வொரு மாணவருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு சந்தேக மதிப்பெண் போடும். 70-க்கு மேல் வந்தால் முடிவை நிறுத்திவைப்பது என்று மூன்று பேர் கொண்ட குழுவாக முடிவெடுத்தோம். அந்த மூன்று பேரில் நானும் ஒருத்தி. கேமரா எடுத்த படங்களை யாரும் திறந்து பார்க்கவில்லை. பட்டியலில் எண்ணைப் பார்த்தோம், கையெழுத்துப் போட்டோம்.

ஒரு பெண்ணுக்கு 86 வந்தது. "ஒன்றுக்கு மேற்பட்ட முகம்" என்று 41 முறை. வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிற பெண். அன்று மாலையே போன் பண்ணினாள்.

"மேடம், முகப்புல நான் மட்டுந்தான் உக்காந்திருந்தேன். அம்மா பின்கட்டுல இருந்தாங்க. சத்தியமா யாருமே வரல மேடம்."

"சிஸ்டம் காட்டுதும்மா, நான் என்ன பண்றது" என்று சொன்னேன். அதைச் சொல்லி இத்தனை வருடம் ஆகியும் அந்த வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஊரடங்கு தளர்ந்த பிறகு, வேறு வேலையாகக் கானாடுகாத்தான் பக்கம் போனபோது அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய வீடு என்று சொல்ல முடியாது. ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிற குடும்பம், பின்கட்டில் இரண்டு அறையில் குடியிருக்கிறார்கள். "வாங்க டீச்சரம்மா, உள்ள வாங்க" என்று அவள் அம்மா கூப்பிட்டார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தேன். பின்கட்டில் சிக்னல் சுத்தமாக இல்லை. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர், எவ்வளவு கனம் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய நடுப்பகுதியில், ஒரு கோடு வந்தது, போனது. முகப்பில் தெருப் பக்கம் ஜன்னலோரம் வந்தால்தான் இரண்டு கோடு நின்றது. அதனால்தான் அவள் அங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்.

அவளை அதே இடத்தில், அதே நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மென்பொருளின் சோதனைப் பக்கத்தைத் திறந்தேன். அவள் முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் விழுந்தது. ஒரு நிமிடம் கழித்து அவள் இடது தோளுக்கு மேல் இன்னொரு கட்டம். திரும்பிப் பார்த்தால் சுவரில் வரிசையாக அந்த வீட்டுப் பெரியவர்களின் படங்கள். தலைப்பாகை, கோட்டு, நேராகப் பார்க்கும் கண்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில் ஸ்டூடியோவில் நின்று எடுத்துக்கொண்ட படங்களாக இருக்கும். அதில் நான்காவது ஐயாவைத்தான் மென்பொருள் இரண்டாவது ஆளாக எண்ணியிருக்கிறது. முற்றத்து வெளிச்சம் படத்தின் கண்ணாடியில் பட்டபோது கட்டம் மறைந்தது, மேகம் வந்ததும் திரும்ப விழுந்தது. 41 முறை என்று வந்ததற்குக் காரணம் அதுதான். ஒரு ஆள் கூடவே உட்கார்ந்திருந்தால் அது விட்டு விட்டு வராது, தொடர்ந்து வரும். கேமரா எடுத்த ஒரே ஒரு படத்தை யாராவது திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முற்றத்து வெளிச்சம் முழுக்க முதுகுக்குப் பின்னால் வந்து, முகம் இருட்டடித்து, "முகம் இல்லை" என்று அடுத்த சந்தேகக் கொடி.

முடிவை வெளியிட மேலும் இரண்டு வாரம் ஆனது. அதற்குள் காரைக்குடியில் அவளை வரச் சொல்லியிருந்த ஆடிட்டர் அலுவலகத்தில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். இப்போது புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள், போனால் பேசுவாள். ஆனாலும் அந்த வேலை போனது என் கையெழுத்தால்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், மன்னிக்கவும். அந்த வீட்டுக்கு எத்தனை பங்காளிகள் என்று அந்த அம்மாவுக்கே சரியாகத் தெரியவில்லை. சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில் என்று இருக்கிறார்கள். படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் திறப்பார்கள், மீதி நாள் பூட்டு. கூட்டிப் பெருக்கி, மழை பெய்தால் ஓடு பார்த்து, வௌவால் அடையாமல் காக்கிறவர்கள் பின்கட்டில் சிக்னல் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லையும் தேக்குத் தூணையும் படம் எடுத்துப் போடுகிற ஆயிரம் பேரில் ஒருவர்கூட இவர்களுக்கு மாதம் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டதை நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டைப் பிரித்து நிலையும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டன. அந்தக் குடும்பத்துக்கு ஒரு மாத முன்னறிவிப்புகூட இல்லை. எல்லா வீட்டிலும் இப்படி என்று சொல்லவில்லை, பார்த்துக்கொள்கிறவர்களைச் சொந்தம் போல வைத்திருக்கும் ஆச்சிமார்களையும் எனக்குத் தெரியும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மென்பொருளை வாங்குவதற்கு முன் உங்கள் மாணவர்கள் எதில் எழுதுவார்கள் என்று ஒரு கணக்கு எடுங்கள். மூடிலில் சேஃப் எக்ஸாம் பிரவுசரை இணைக்கும் வசதி 3.9 பதிப்பிலிருந்தே உள்ளே இருக்கிறது, மூடிலில் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம், அந்த பிரவுசரை மாணவர்தான் தன் கருவியில் நிறுவ வேண்டும். அது சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிச் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள், கணினியைத் தேர்வுத் திரையோடு பூட்டிவிடும், வேறு ஜன்னலைத் திறக்க விடாது. குவிஸ் அமைப்பில் போய் அதைக் கட்டாயம் என்று தேர்ந்தெடுத்து, வெளியேறும் கடவுச்சொல் ஒன்று வைத்தால் போதும். ஆனால் அது விண்டோஸ், மேக், ஐபேட், ஐபோனில் ஓடும். ஆண்ட்ராய்டில் ஓடாது, லினக்ஸிலும் ஓடாது. எங்கள் மாணவர்கள் சிலர் அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் வைத்திருந்தார்கள், பாதிப் பேர் ஆண்ட்ராய்டு போன். கட்டாயம் என்று போட்டிருந்தால் அவர்கள் தேர்வுக்குள்ளேயே நுழைந்திருக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு உங்கள் நிலையத்திலேயே பத்து கணினியைத் திறந்துவிடுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம், இரண்டு வேளையாகப் பிரித்து.

கேமரா வேண்டும் என்று நிர்வாகம் விடாப்பிடியாக நின்றால், தொடர் வீடியோ வேண்டாம், இடைவெளி விட்டுப் படம் எடுக்கிற முறையைக் கேளுங்கள். கணக்கைப் பாருங்கள். 30 நொடிக்கு ஒரு படம் என்றால் 90 நிமிடத்துக்கு 180 படம், ஒரு படம் 50 கே.பி. என்று வைத்தால் 9 எம்.பி.தான். 60 மாணவர்களுக்கும் சேர்த்து 540 எம்.பி. அதையே நொடிக்கு 300 கிலோபிட் வீடியோவாக அனுப்பினால் ஒரு மாணவருக்கே 200 எம்.பி. தாண்டும், அதுவும் தடையில்லாமல் மேலே ஏற வேண்டும். இரண்டு கோடு சிக்னலில் அது நடக்காது. படம் எடுக்கும் முறைக்கு மூடிலில் இணைத்துக்கொள்ளும் செருகுநிரல்கள் (பிளக்-இன்) இருக்கின்றன. இன்னொன்று, உங்கள் தளத்தின் முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்காவிட்டால் பிரவுசர் கேமராவைத் திறக்கவே விடாது. எங்களுக்கு முதல் ஒத்திகையில் ஒரு முழு நாள் இதிலேயே போனது.

கேமராவை விட வினாத்தாளில் நேரம் செலவிடுங்கள் என்பேன். வினா வங்கியில் தலைப்புக்கு 20 கேள்வி போட்டு, ஒவ்வொருவருக்கும் அதிலிருந்து ஐந்து தானாக வரும்படி வைக்கலாம். கணக்குப் பாடம் என்றால் கால்குலேட்டட் வகைக் கேள்வி இருக்கிறது, ஒரே கேள்வியில் ஆளுக்கு ஆள் எண் மாறும். ஒருத்திக்கு 12,400 ரூபாய் பில், அடுத்தவளுக்கு 17,850. வாட்ஸ்அப்பில் விடையைப் போட்டாலும் பயன் இல்லை. சரியான விடையைத் தேர்வு எல்லோருக்கும் மூடிய பிறகு மட்டுமே காட்டும்படி ரிவியூ பகுதியில் மாற்ற மறக்காதீர்கள். நேரம் முடிந்ததும் தானாகச் சமர்ப்பிக்கும் வசதியையும் போடுங்கள், அதற்கு உங்கள் சர்வரில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் ஒழுங்காக ஓட வேண்டும். கரண்ட் போனவர்களுக்கு யூசர் ஓவர்ரைடு மூலம் தனியாக நேரம் கூட்டலாம், அதை யார் செய்வது, எந்த எண்ணுக்கு அழைப்பது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டுத் தேதி வையுங்கள்.

ஒத்திகைத் தேர்வு கட்டாயம். அதே நேரம், அதே இடம், அதே கருவி. மதிப்பெண் இல்லாத பத்துக் கேள்வி போதும். அன்று விழுகிற கொடிகளை எல்லாம் உட்கார்ந்து பாருங்கள். யார் வீட்டில் எது விழுகிறது என்று தெரிந்துவிடும். சுவரில் உள்ள படத்துக்கு ஒரு துண்டைப் போட்டு மூடச் சொல்லலாம், நாற்காலியைத் திருப்பச் சொல்லலாம்.

அப்புறம் அந்த எண். சந்தேக மதிப்பெண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், முடிந்தால் பட்டியலில் அந்த எண் வரும் பத்தியையே மறைத்துவிடுங்கள். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு மனிதர் படத்தைத் திறந்து பார்த்து, என்ன பார்த்தேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். பிறகு மாணவரிடம் படத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். 60 பேருக்கு இது ஒரு நாள் வேலைதான், நான் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நேரமில்லை என்றால் கேமராவே வேண்டாம். இந்த மென்பொருள்கள் எல்லா முகத்தையும் ஒரே மாதிரிப் பார்ப்பதும் இல்லை. 2018-இல் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவன மென்பொருள்களைச் சோதித்தபோது, கருநிறப் பெண்களிடம் பிழை 34.7 சதவீதம் வரை போனது, வெளிர்நிற ஆண்களிடம் 0.8-ஐத் தாண்டவில்லை. தேர்வு மென்பொருளும் அதுவும் ஒன்றல்ல என்று யாராவது சொல்வார்கள், தெரியும். ஆனால் நம் பிள்ளைகளின் நிறத்தையும் நம் வீட்டு வெளிச்சத்தையும் வைத்துச் சோதித்தீர்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். என் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை.

அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லும் வசதியை அணைத்துவிடுங்கள். 2022-இல் அமெரிக்காவில் ஒஹையோவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம், ஒரு அரசுப் பல்கலைக்கழகம் தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவில் காட்டச் சொன்னது அரசமைப்புக்கு எதிரான சோதனை என்று தீர்ப்புச் சொன்னது. நம்மைக் கட்டுப்படுத்தாதுதான், ஆனால் இங்கேயும் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. என்ன எடுக்கிறோம், எதற்கு என்று அறிவித்துச் சம்மதம் வாங்க வேண்டும், அந்த அறிவிப்பைத் தமிழில் கேட்டால் தமிழில் கொடுக்க வேண்டும். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் சம்மதம். நாங்கள் ஒரு பக்கத்தில் எழுதி, முடிவு வந்து 30 நாளில் படங்களை அழிப்போம் என்று போட்டு, அழித்தும் விடுகிறோம்.

உங்கள் தேர்வு எந்த மாதம் என்று எழுதவில்லை. மாசி, பங்குனியில் என்றால் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் பக்கம் குடியிருக்கிற மாணவர்கள் யார் யார் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா நேரத்தில் அந்தத் தெருக்களில் மைக் கண்காணிப்பு வேலைக்கே ஆகாது. அவர்களுக்கு மட்டும் ஒலியை அணைத்துவிடுங்கள், அல்லது நிலையத்துக்கு வந்து எழுதச் சொல்லுங்கள்.