பெட்டியோடு ஆடிய ஒரு மணி நேரம்

கேள்வி: செகண்ட் லைஃபில், அதாவது அவதார் என்ற கணினி உருவமாக நாம் உலவும் இணைய உலகத்தில், சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு காசு கூடச் செலவழிப்பதில்லை என்ற முடிவோடுதான் நுழைந்தேன். இலவசம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் குவித்துவிட்டேன். ஆனால் எதைப் போட்டாலும் பாவாடையைத் துளைத்துக்கொண்டு தொடை வெளியே வருகிறது. ஷூவில் பாதம் நிற்பதில்லை. போன வாரம் புது உடை போட்டுவிட்டதாக நினைத்து நடன அரங்கில் ஒரு மணி நேரம் ஆடினேன். என் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது அந்த உடை அடைத்து வந்த அட்டைப் பெட்டி என்று பக்கத்தில் ஆடியவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மற்றவர்கள் எல்லாரும் அவ்வளவு அழகாக இருக்கிறார்களே, இலவசத்திலேயே அப்படி ஆக முடியுமா? எங்கே தேடுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பெட்டிக்காக வெட்கப்படாதீர்கள். நான் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு கவிதை வாசிப்புக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் இருந்தவர் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் திரைக் காட்சியின் கேமராவை நகர்த்திக்கொண்டார்.

உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால், முடியும். ஆனால் எங்கே தேடுவது என்பதற்கு முன் அந்தத் தொடையைக் கவனிப்போம்.

செகண்ட் லைஃப் 2003-இல் திறக்கப்பட்டபோது உடை என்பது உடலின் மேல் பூசிய வண்ணம் போலத்தான் இருந்தது. யாருக்கும் பொருந்தும், யாருக்கும் எடுப்பாக இருக்காது. 2011-இல் மெஷ் என்ற முப்பரிமாண வடிவ முறை வந்த பிறகு உடை தனி வடிவமாக ஆகிவிட்டது. கூடவே மெஷ் உடல்களும் வந்தன. இன்று ஒவ்வோர் உடையும் குறிப்பிட்ட ஓர் உடலை அளவெடுத்துத் தைத்தது. அளவு வேறான உடலில் அதை மாட்டினால் சதை துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். உங்கள் இன்வென்டரியில், அதாவது பொருள் சேமிப்பில், குவிந்திருப்பது ஐந்தாறு பேருக்குத் தைத்த துணி என்பது என் ஊகம்.

ஆகவே முதலில் ஓர் உடலைத் தேர்ந்தெடுங்கள். செகண்ட் லைஃபை நடத்தும் லின்டன் லேப் நிறுவனமே சென்ரா என்ற மெஷ் உடலை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கிறது. அதற்கான உடைகள், பிரபலமான விலை உடல்களுக்கு இருக்கும் அளவுக்கு இல்லை என்பது உண்மைதான். இருந்தாலும் தொடக்கத்துக்கு அது தாராளமாகப் போதும். எந்த உடலானாலும் அதன் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு, பொருளின் விவரத்தில் அந்தப் பெயர் இருந்தால் மட்டும் எடுங்கள். பெயர் பொருந்தியும் சிறு இடத்தில் சதை தெரிந்தால், உடலோடு வரும் கட்டுப்பாட்டுப் பலகையில் அந்தப் பகுதியை மறைத்துவிடலாம்.

இனி தேடலுக்கு வருவோம். செகண்ட் லைஃபின் இணையச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் விலையை 0 முதல் 0 வரை என்று கொடுத்துத் தேடுங்கள். பாதிக்குமேல் டெமோவாக, அதாவது போட்டுப் பார்க்க மட்டும் தரும் மாதிரியாக, வந்து நிற்கும்; அவற்றை நீக்கிக் காட்டும்படி கேட்கும் வசதி அங்கேயே இருக்கிறது. ஆனால் டெமோவை அலட்சியப்படுத்தாதீர்கள். விலை கொடுத்து ஏதாவது வாங்கும் நாள் வந்தால், டெமோவைப் போட்டுப் பார்க்காமல் வாங்கவே கூடாது. பெரிய கடையின் பொருளைப் போலவே இருக்கும் ஒன்று யாரோ பெயரில் சும்மா கிடைத்தால் தொடாதீர்கள். திருட்டு நகல் என்று தெரிந்தால் அது உங்கள் இன்வென்டரியிலிருந்தே நீக்கப்படலாம்.

என் அனுபவத்தில் தரமான இலவசங்கள் கடைகளுக்குள்தான் இருக்கின்றன. பல கடைகள் குரூப் வைத்திருக்கின்றன. சேரக் கட்டணம் இல்லாத குரூப்பாகப் பாருங்கள். சேர்ந்ததும் அந்தக் குரூப்பின் பட்டத்தை உங்கள் தலைமேல் தெரியும்படி மாற்றிக்கொண்டு, கடையில் இருக்கும் பரிசைத் தொட வேண்டும். பட்டத்தை மாற்றாமல் தொட்டுவிட்டு, கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று திட்டுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குரூப்பின் பழைய அறிவிப்புகளையும் திறந்து பாருங்கள், சிலவற்றோடு பரிசு இணைந்திருக்கும். லின்டன் லேப் நடத்தும் ஷாப் அண்ட் ஹாப் விற்பனை விழாக்களில் கடைகள் பரிசு வைக்கும். ஜூன் மாதம் அந்த உலகத்தின் பிறந்தநாள். அப்போதும் ஏதாவது கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது அதிர்ஷ்ட நாற்காலி. நாற்காலியின் மேல் ஓர் எழுத்து தெரியும். உங்கள் அவதாரின் பெயர் அந்த எழுத்தில் தொடங்கினால் உட்கார்ந்து பரிசை எடுத்துக்கொள்ளலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுத்து மாறும். கேள்விக்குறி வந்தால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். யார் முந்துகிறாரோ அவருக்கே. ஒருமுறை நான் நாற்பது நிமிடம் காத்திருந்தேன்; என் எழுத்து வந்த நொடியில் அதே எழுத்துக்காரர் ஒருவர் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துவிட்டார். அன்று பேச்சுக் கொடுத்தவர்தான் இன்று எனக்கு அங்கே நல்ல நண்பர், ஆகையால் புகார் இல்லை.

நள்ளிரவுப் பலகை என்று இன்னொன்று உண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் அதைத் தட்டியிருந்தால் நள்ளிரவில் தட்டிய எல்லாருக்கும் பொருள் வந்து சேரும். அந்த நள்ளிரவு அமெரிக்கப் பசிபிக் நேரப்படி என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. இலவசமாக வாங்கிய ஒன்றை மாட்டும்போது, உங்கள் கணக்கிலிருந்து, அங்கே புழங்கும் பணமான லின்டன் டாலரை எடுக்க அனுமதி கேட்டுத் திரையில் ஓர் அறிவிப்புப் பெட்டி திறந்தால் மறுத்துவிட்டு அந்தப் பொருளை அழித்துவிடுங்கள். ஒரு சட்டைக்கு உங்கள் பணப்பையில் என்ன வேலை? அறிமுகமில்லாதவர் பரிசு என்று அனுப்பும் இணைப்பைத் திறந்து, அங்கே கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வதும் கூடவே கூடாது. மார்க்கெட்பிளேஸைப் போலவே போலிப் பக்கம் செய்து வைத்திருப்பார்கள்.

பெட்டி விஷயம். இப்போது வரும் பெட்டிகள் பலவும் மாட்டிய உடனே தாமே பிரிந்து, இன்வென்டரியில் ஒரு கோப்புறையாக வந்துவிடும். அதன் பிறகு பெட்டியைக் கழற்றிவிட்டு, கோப்புறைக்குள் இருப்பதை மாட்ட வேண்டும். நீங்கள் விட்டுவிட்டது இந்தக் கடைசிப் படியாகத்தான் இருக்கும். பழைய பெட்டி என்றால் தரையில் வைத்துத் திறக்க வேண்டும். எல்லா இடத்திலும் பொருளை வைக்க விடமாட்டார்கள், அதற்கென்றே பொதுவில் விடப்பட்ட சாண்ட்பாக்ஸ் ஒன்றுக்குப் போய்ப் பிரியுங்கள்.

ஷூவுக்கும் உடலின் கட்டுப்பாட்டுப் பலகையைத்தான் பார்க்க வேண்டும். பல மெஷ் உடல்களில் பாதத்தைத் தட்டை, நடு, உயரம் என்று மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பாதம் தட்டையில் இருக்கும், ஷூவோ குதிகால் உயரமானதாக இருக்கும். உயரத்துக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் உள்ளே போகவில்லை என்றால் அந்த ஷூ வேறு யார் காலுக்கோ செய்தது, அழித்துவிடுங்கள்.