மொழிபெயர்ப்புக்குப் பின்னால் இருக்கும் புரவலர்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் நடக்கும் எங்கள் வாசிப்பு வட்டத்தில், உங்கள் உரையில் கேட்ட, மொழிபெயர்ப்புக்குப் பின்னால் இருக்கும் பணத்தையும் அதிகாரத்தையும் ஆராய்ந்த அறிஞர் ஆந்த்ரே லெஃபெவெரைப் பற்றிப் பேசினேன். “மூலத்துக்கு நெருக்கமா என்று பார்த்தால் போதாதா? பணம், அதிகாரம் என்று போனால் மொழிபெயர்த்தவரின் உழைப்பு மறைந்துவிடாதா?” என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கி., வியாசர்பாடி

அன்புள்ள கி.,

தோழரின் கவலை நியாயமானது. ஆனால் லெஃபெவெர் அந்த உழைப்பை அறியாதவர் அல்லர். பெல்ஜியத்தில் பிறந்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 1996இல் மறைந்தவர். லத்தீன் கவிஞர் கத்துல்லுஸின் ஒரு நெடுங்கவிதைக்கு வந்த ஆங்கில மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டு, ஓசையைப் பின்பற்றுவது, சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது, யாப்பைக் காப்பது என ஏழு வழிகளை 1975லேயே பிரித்துக் காட்டினார். ஒன்றைப் பற்றிக்கொண்டவர் மற்றொன்றைக் கைவிட நேர்ந்ததைப் பொறுமையாக எடுத்துவைத்தார்.

அவருக்கே அது போதவில்லை. மொழிபெயர்ப்பு, திறனாய்வு, தொகைநூல் எல்லாமே ஒரு படைப்பைத் திருப்பி எழுதுபவை, அவற்றுக்குப் பின்னால் கருத்தையும் பணத்தையும் மதிப்பையும் கையில் வைத்திருக்கும் புரவலர் உண்டு என்று 1992இல் வந்த நூலில் விரித்தார். புலவரும் புரவலரும் நமக்குப் புதியவர்கள் இல்லையே!

அதில், நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் பற்றிய பகுதியை அவசியம் படியுங்கள். மறைவிடத்தின் விதிகளை அவள் டச்சு மொழியில் குறும்பாக எழுதுகிறாள்: நாகரிக மொழிகள் எல்லாவற்றிலும் பேசலாம், எனவே ஜெர்மன் கூடாது. 1950இல் வந்த ஜெர்மன் பதிப்பில் இது ‘எல்லா நாகரிக மொழிகளிலும் பேசலாம், ஆனால் மெல்லப் பேச வேண்டும்’ என்று ஆகிவிட்டது. ஜெர்மனியில் விற்க வேண்டிய புத்தகத்தில் ஜெர்மானியரை இகழக் கூடாது என்று மொழிபெயர்த்தவரே பின்னாளில் விளக்கம் சொன்னார். மூலத்துக்கு நெருக்கமா என்று மட்டும் பார்த்தால் பிழை தெரியும். அந்தப் பிழையால் யாருக்கு ஆதாயம் என்பது தெரியாது.

உங்கள் பகுதியிலேயே சான்று இருக்கிறது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்ட கெட்டி அட்டை ரஷ்ய நாவல்கள், தொழிற்சங்கத்தில் இருந்தவர்களின் வீட்டு அலமாரிகளில் இன்றும் கிடைக்கும். சோவியத் அரசே புரவலராக இருந்ததால்தான் ஆலைத் தொழிலாளி வாங்கும் விலைக்கு அவை வந்தன. எதை மொழிபெயர்ப்பது, எதை விடுவது என்பதும் அங்கேதான் முடிவானது.

லெஃபெவெரோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. 1991இல் சோவியத் ஒன்றியமே கலைந்துவிட்டது, அந்த மொழிபெயர்ப்புகளில் சில இன்னும் வாசிக்கப்படுகின்றன. ஒரு நூல் எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் புரவலரை வைத்து விளக்கலாம். ஏன் நிலைத்தது என்பதை விளக்க மொழிபெயர்த்தவரின் தமிழுக்குத்தான் போக வேண்டும். இந்த இடத்தில் நான் தோழரின் பக்கம்.

ஒரே ரஷ்யக் கதைக்கு மாஸ்கோவில் அச்சான தமிழும், ஆங்கிலம் வழியாகச் சென்னையில் வந்த தமிழும் கிடைத்தால் வட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதலில் வரிகளை ஒப்பிடுங்கள். அச்சிட்டவர் யார், விலை என்ன, முன்னுரை எழுதியவர் யார் என்பதை அடுத்துப் பாருங்கள்.

அன்புடன்