ஆக்சில் பூட் கிழிந்தால் ஆக்சிலையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2008ஆம் ஆண்டு மாருதி ஆல்டோ இருக்கிறது. இடது முன்சக்கரத்தின் உட்புறம் முழுக்கக் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கிறது. ஆக்சில் பூட் கிழிந்துவிட்டது, ஆக்சிலையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஓட்டும்போது எந்தச் சத்தமும் இல்லை. சிறு வேலைகளை வீட்டிலேயே செய்து எனக்குப் பழக்கமுண்டு. பூட்டை மட்டும் நானே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். சத்தம் இல்லை என்பது உண்மையானால், முழு ஆக்சிலை விற்கப் பார்ப்பவருக்கு உங்கள் வண்டியைவிடத் தன் கமிஷன்மீதுதான் அக்கறை அதிகம். ஆக்சில் என்பது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு (ஷாஃப்ட்); அதன் இரு முனையிலும் மூட்டு உண்டு. கிழிந்திருப்பது ஒரு மூட்டை மூடிக் கிரீஸை உள்ளே வைத்திருக்கும் ரப்பர் உறை. அதன் விலை சில நூறு ரூபாய். ஆக்சில் பல ஆயிரம். இந்த வித்தியாசத்தில் மெக்கானிக்குக்கும் உதிரிபாகக் கடைக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் பல பட்டறைகளில் பூட் மாற்றும் பேச்சே எழுவதில்லை. பெரிய சர்வீஸ் மையங்களிலும் பாகங்களை விற்பதற்கு மாத இலக்கு வைத்து ஊழியர்களை விரட்டுகிறார்கள். பூட் தனியாகக் கிடைக்கும் பாகம்தான், ஆனாலும் கவுன்டரில் ‘தனியாக வராது’ என்பார்கள். நம்பாதீர்கள்.

முதலில் சத்தத்தை உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாமே அதைப் பொறுத்தது. சக்கரப் பக்கத்து மூட்டுக்குள் ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் ஓடுகின்றன. கிரீஸ் வெளியேறி மணலும் மழைநீரும் புகுந்தால் அந்தப் பள்ளங்கள் தேய்ந்துவிடும். தேய்ந்த மூட்டுக்குப் புது பூட் போடுவது வீண் செலவு. காலி மைதானத்தில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஸ்டீயரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். பிறகு மறுபக்கம். திருப்பத்தில் மட்டும், சக்கர வேகத்துக்கு ஏற்ப ‘டக் டக்’ என்று கேட்டால் மூட்டு போய்விட்டது. அப்போது மெக்கானிக் சொல்வதே சரி. நேராகப் போகும்போதும் அதே ‘டக் டக்’ கேட்டால், டயரில் சிக்கிய கல்லோ தளர்ந்த வீல் கப்போ காரணமாக இருக்கலாம். அதைப் பார்க்காமல் ஆக்சிலைக் குறை சொல்ல வேண்டாம். சத்தமே வராவிட்டாலும் கிழிசலில் எஞ்சியிருக்கும் கிரீஸைக் கொஞ்சம் எடுத்து இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் பிழைத்தது. நறநறவென்றிருந்தால், அல்லது நீர் கலந்து வெளுத்திருந்தால், புது பூட் போட்டாலும் சில மாதங்களில் சத்தம் வரும் என்று எதிர்பாருங்கள். பூட் கிழிந்து எத்தனை மழை போயிற்று என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அடுத்து, கழற்றாமலே மாட்டலாம் என்று விற்கப்படும் பிளவு பூட். நீளவாக்கில் வெட்டிய ரப்பரை ஷாஃப்டின்மேல் சுற்றிப் பசையால் ஒட்டும் வகை அது. வேலை எளிது என்பதால் வீட்டில் செய்பவர்கள் இதில்தான் விழுகிறார்கள். கிரீஸ் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. மூட்டு ஒவ்வொரு திருப்பத்திலும் ரப்பரை மடக்கி விரிக்கும்போது ஒட்டு பிரிந்துவிடும். பிரிந்தது கண்ணில் படுவதற்குள் மணல் உள்ளே போயிருக்கும். வாங்கவே வாங்காதீர்கள். பூட்டின் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு கிளிப்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டுவதும் இதே ரகம்.

இனி வேலை. உங்கள் வண்டியில் சக்கரப் பக்கத்து மூட்டை ஷாஃப்டிலிருந்து பிரிக்கக் கூடாது. வெளிப்பக்க பூட்டை மாற்ற, கியர்பாக்ஸ் பக்கத்து மூட்டைக் கழற்றி, அந்த முனை வழியாகத்தான் உறையை ஏற்ற வேண்டும். இது தெரியாமல் வெளி மூட்டைச் சுத்தியலால் அடித்து நாசமாக்கியவர்கள் பலர். எப்படியும் இரண்டு பூட்டையும் கழற்றுகிறீர்கள். இரண்டையும் புதிதாகவே போட்டுவிடுங்கள்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக் ஸ்டாண்டின்மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல் அடுக்கியோ வண்டிக்கு அடியில் போகவே கூடாது. கியர் ஆயிலை வடித்துவிட்டு, சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் ஆர்மின் பால் ஜாயின்ட்டை (உருண்டை மூட்டை) பிரித்து, சக்கர மையத்திலிருந்து ஆக்சில் முனையை வெளியே எடுங்கள். பிறகு கியர்பாக்ஸ் ஓரத்தில் மூட்டின் கிண்ணத்தை நெம்புங்கள். ஷாஃப்டைப் பிடித்து இழுக்காதீர்கள்; உள்மூட்டு பிரிந்து வந்துவிடும். வெளிவரும் பல் முனை ஆயில் சீலின் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தின்) உதட்டைக் கிழிக்காமலும் பாருங்கள். ஆக்சில் இல்லாதபோது அந்தச் சக்கரத்தில் வண்டியின் எடையை இறக்கினால் பேரிங் கெடும்.

உள்மூட்டின் மூன்று கைப் பகுதி ஷாஃப்டில் எந்த நிலையில் இருந்தது என்று பெயின்டால் குறித்துக்கொண்டு, அதைப் பிடித்திருக்கும் சர்க்லிப் வளையத்தை எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். பழைய கிரீஸைத் துணியால் துடைத்து எடுத்தால் போதும். வெளிமூட்டை மண்ணெண்ணெயில் முக்க வேண்டாம். புது பூட்டோடு வரும் கிரீஸை முழுதாகப் போடுங்கள். கடையில் தனியாகக் கிடைக்கும் சாதாரண கிரீஸ் இதற்கு ஆகாது. கிளிப் இறுக்குவதற்கு முன், உறையின் சிறிய விளிம்புக்கு அடியில் மழுங்கிய ஸ்க்ரூடிரைவரை நுழைத்து உள்ளே அடைபட்ட காற்றை விடுங்கள். உறை உப்பவும் கூடாது, ஒடுங்கவும் கூடாது. கிளிப்பை மடக்கும் திசை, வண்டி முன்னே போகும்போது ஷாஃப்ட் சுழலும் திசைக்கு எதிராக இருக்க வேண்டும்.

ஆக்சில் நட்டைப் புதிதாக வாங்குங்கள். அதை இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். குறைவாக இறுக்கினால் பேரிங் ஆட்டம் கண்டுவிடும். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு வாடகைக்கோ இரவலாகவோ வாங்குங்கள். இந்த ஒரு நட்டை மட்டும் கைக்கணக்கில் விடாதீர்கள். வடித்த கியர் ஆயிலுக்குப் பதில் புதியதை ஊற்ற மறக்காதீர்கள்.

பூட் வாங்கும்போது உறை, கிளிப், கிரீஸ் மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கிறதா, விலை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து பில்லோடு வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய ஆக்சிலுக்குப் பெயின்ட் அடித்து மலிவாகத் தருவார்களே என்று யாராவது அழைத்துப் போவார்கள். அதிலுள்ள மூட்டு எவ்வளவு தேய்ந்தது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் சொந்த ஆக்சிலின் கதையாவது உங்களுக்குத் தெரியும்.

15 ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க அலைக்கழிக்கிறார்கள். விளக்கு, நம்பர் பிளேட், கட்டணம், படிவம் என்று எதையும் விடுவதில்லை. ஆனால் சக்கரத்துக்கு உட்புறம் குனிந்து இந்த ரப்பரைப் பார்ப்பவர் யார்? நீங்களே பாருங்கள். டயரில் காற்றடிக்கும்போது ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பிவிட்டால் மடிப்புகள் கண்ணுக்குத் தெரியும். விரிசல் தெரிந்தவுடன் மாற்றினால் சத்தம் பற்றிய கவலையே வராது.

வேலை முடிந்து ஒரு வாரம் ஓட்டியபின் இரண்டு பூட்டின் கிளிப் ஓரத்தையும் தடவிப் பாருங்கள். விரலில் கிரீஸ் ஒட்டினால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை; அந்த ஒரு கிளிப்பை மட்டும் மாற்றினால் போதும்.