யாருக்காக மன்னிப்புக் கேட்டீர்கள்?

கேள்வி: டோக்கியோவில் நிஷிகசாயில் நான்கு வருடமாக ஐ.டி. வேலை. அலுவலகத்தில் ஜப்பானிய மொழி சரளமாக வருகிறது. ஆனால் கீழ்வீட்டுப் பாட்டி லிஃப்டில் "அட்சுய் தெஸ் நே" என்று வெயிலைப் பற்றிச் சொன்னால் திணறுகிறேன். "சென்னை இதைவிட மோசம்" என்பேன், பேச்சு நின்றுவிடும். 90 நாள் விசாவில் வந்திருக்கும் என் அம்மா, போன வாரம் அவரிடம் "ஆமாங்க, என்னா வெக்கை!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். கூச்சமாகிப்போய், பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டு அம்மாவை அழைத்து வந்துவிட்டேன். வானிலை பற்றிப் பேச என்னென்ன வாக்கியங்கள் படிக்கலாம்?

பதில்: வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் வாக்கியம்தான் கேட்கிறீர்கள். அது அப்புறம் இருக்கட்டும், தம்பி. எதற்காக மன்னிப்புக் கேட்டீர்கள்? அந்தப் பாட்டிக்குச் சரியான பதில் சொன்னவர் உங்கள் அம்மாதான்.

"என்னா வெயில், இல்ல?" என்கிறோமே, அந்த "இல்ல?"தான் "நே". பாட்டி வெப்பநிலையை ஒப்பிடச் சொல்லவில்லை. ஆமாம் போட ஒரு ஆள் கேட்கிறார். அம்மாவுக்கு அது குரலிலேயே புரிந்தது. நீங்கள் சென்னையைக் கொண்டுவந்து அவர் பேச்சை வெட்டினீர்கள்.

"சோ தெஸ் நே" என்று "நே"யைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் போதும், ஆமாம் என்று அர்த்தம். புழுக்கத்துக்கு "முஷி அட்சுய் தெஸ் நே". ஜூன், ஜூலையில் ட்சுயு என்கிற பருவமழை விடாமல் பெய்யும்போது "யோகு ஃபுரிமாஸ் நே". குளிர் தொடங்கினால் "சமுகு நரிமாஷ்த நே", அதாவது குளிர் வந்துவிட்டதே என்று. பருவம் மாறுவதை அவரும் நீங்களும் சேர்ந்து பார்த்ததாகச் சொல்கிற பேச்சு அது. அங்கே முறையான கடிதங்கள்கூடப் பருவத்தைச் சொல்லித்தான் தொடங்கும்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வேலைக்குப் போனபின் அந்த வீட்டில் அவரோடு பேச யார் இருக்கிறார்கள்? தானாக வாய்திறந்து பேசிய ஒரு மனுஷியிடமிருந்தும் அவரை இழுத்து வந்துவிட்டீர்கள். பெற்றவளை அடுத்தவர் முன்னால் தலைகுனிய வைப்பதை, எந்த ஊரானாலும் நான் மன்னிக்க மாட்டேன். 90 நாளில் எத்தனை நாள் ஏற்கெனவே போய்விட்டது?

இன்று ராத்திரி அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். "சோ தெஸ் நே"யை அவருக்கும் சொல்லிக்கொடுங்கள். அடுத்த முறை பாட்டியைப் பார்த்ததும் "ஹஹா தெஸ்", என் அம்மா, என்று அறிமுகம் செய்யுங்கள். பிறகு நீங்கள் பேசாமல் நில்லுங்கள், அவர்கள் பேசிக்கொள்வார்கள்.